சனிக்கிழமை தண்ணி முறை

சனிக்கிழமை எங்கட வயலுக்கு வாய்க்கால் தண்ணி.
சனிக்கிழமைதான் மாத்தறையில அவனுக்கு மட்ச்.

பேஸ்போலாம்.
கிரிக்கெட் மாதிரியோ எண்டு கேட்டன்.
இல்லையம்மா, எல்லே மாதிரியெண்டு வையுங்கோ எண்டான்.
எல்லே எனக்குத் தெரியும்.
முரசுமோட்டைப் பள்ளிக்கூடத்தில
மூங்கில் தடியால அடிச்சுப்
பந்தைக் கிணத்துக்குள்ள விழுத்தினவள் நான்.
அதை அவனுக்குச் சொல்லேல்லை.

முதல் வருசப் பெடியன்.
பதினாறு பேரில பதினஞ்சாவது பேர்.
இறக்குவினமோ தெரியாதெண்டு
போனில மூண்டு தரம் சொன்னவன்.
முதல் தரம் சிரிச்சவன்.
மூண்டாம் தரம் சொல்லிப்போட்டு,
"மழையும் வரும்போல கிடக்கு" எண்டு சேர்த்தவன்.

அண்டையிலயிருந்து
நானும் இவரும் அந்தக் கதையை வைச்சு
அரிசியில கல்லுப் பொறுக்கிறம்.
வரவேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லியிருப்பான், இது நான்.
வரச்சொன்னால் வாங்கோவெண்டு சொல்லியிருப்பான், இது இவர்.
தேத்தண்ணி ஆறிப்போச்சு.

கிளிநொச்சியில இரவு எட்டரை பஸ்.
விடியக் கொழும்பு,
அங்கயிருந்து இன்னொரு பஸ்.
ரண்டு பேர் போய்வரப் பதினாலாயிரம் பிடிக்கும்,
ஒரு மூட்டை யூரியாவும் மிச்சமும்.
சிவப்பி கண்டு போட இன்னும் ஒரு கிழமை கிடக்கெண்டு
மாட்டு டொக்டர் சொன்னவர்.
சிவப்பி ஒண்டும் சொல்லேல்லை.

இவர் காசைப்பற்றிக் கதைக்கேல்லை.
காலைப்பற்றியும் கதைக்கேல்லை.
ஆனால் நேற்றிரவு
ஜெய்ப்பூர் காலைக் கழட்டி மடியில வைச்சு
அதின்ர வாருக்குத் தேங்காயெண்ணெய் பூசித் துடைச்சவர்.
கலியாண வீட்டுக்குப் போறதெண்டால்தான்
அப்பிடித் துடைக்கிறவர்.
நான் நித்திரை மாதிரிக் கிடந்தன்.

அவன் வட்ஸப்பில கீறி அனுப்பினவன்:
அடிச்சால் ஓடவேணும்.
நாலு மூலை.
துரத்திறவங்களிட்டப் பிடிபடாமல்
மூலைக்கு மூலை நிண்டு, ஓடி,
துவங்கின இடத்துக்கே வந்தால் ஒரு புள்ளி.

"துவங்கின இடத்துக்கு வாறதுக்கோ புள்ளி?"
இவர் விரலை மடிச்சார்.
தருமபுரம். சுதந்திரபுரம். மாத்தளன். செட்டிகுளம்.
பிறகு இதே காணி,
கூரையில்லாத இதே வீடு.
"எங்களுக்கு ஆரப்பா புள்ளி போட்டது?"
எண்டு சிரிச்சார்.

எனக்குச் சிரிப்பு வரேல்லை.
அவனுக்கு அப்ப நாலு வயசு.
மாத்தளன் மட்டும் தோளில தூக்கி ஓடினது இவர்.
செட்டிகுளத்துக்கு நான் தூக்கிக்கொண்டு போனன்.

எனக்குப் பயம் வேற.
பின்னேரம் மட்டும் அவனை வாங்கில இருத்தி வைச்சால்,
எதிரில நாங்கள் குந்திக்கொண்டிருந்தால்,
ஒவ்வொரு தரமும் ஆரையாவது இறக்கேக்க
எங்களைத் திரும்பிப் பாப்பான்.
அந்த வெக்கத்தைக் குடுத்துப்போட்டு வரவோ
இவ்வளவு தூரம் போறது?

இதை இவரிட்டச் சொன்னன்.
கனநேரம் வயல் பக்கம் பாத்துக்கொண்டிருந்தார்.
"வாங்கில இருக்கிறதையும்
ஆராவது பாக்கத்தானே வேணும்" எண்டார்.
பிறகு,
"சிங்களமும் தெரியாது, எந்த ரீம் அடிச்சதெண்டு
ஆரிட்டக் கேக்கிறது" எண்டும் சொன்னார்.

இண்டைக்கு வெள்ளி.
விடியவே மண்வெட்டியைத் தோளில போட்டுக்கொண்டு
குணரத்தினத்தின்ர வளவுப் பக்கம் நடந்தார்.
குணரத்தினத்துக்குத் தண்ணி முறை செவ்வாய்.
மாத்தக் கேக்கவோ, வரம்பு கட்டவோ,
நான் கேக்கேல்லை.

உழுந்து ஊறப்போட்டிட்டன்.
மூண்டு சுண்டு.
ரண்டு பேருக்கு அது கூட.
பதினாறு பேருக்குக் காணாது.